எண்ணூர் பஸ்ஸில் ஒரு பாட்காஸ்ட்

இன்று காலை எண்ணூர் பஸ்ஸில், எம்பி3 பிளேயரில் ஆஸ்துமா பற்றிய பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா.

"இன்னா பாட்டும்மா கேக்குற?"

"பாட்டு இல்லக்கா. டாக்டர் இங்கிலீஷ்ல பேசுறாரு. மூச்சு நல்லா இருந்தாலும், தினமும் இழுக்கச் சொன்ன மருந்தை நாமளா நிறுத்தக்கூடாதாம்."

அவர் முகம் மாறியது. "எம்பொண்ணுக்கு இளைப்பு கீது. நல்லாத்தானே கீதுன்னு போன வாரம் நான்தான் நிறுத்திட்டேன்."

ஒரு இயர்போனை அவர் காதில் வைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"இன்னிக்கே டாக்டராண்ட இட்டுகினு போறேன்" என்றவர், இறங்கும்போது கேட்டார்: "இத்த தமிழ்லயே பேசி வுட்டா இன்னாவாம்?"

ஞாயிற்றுக்கிழமை நானே பேசிப் பதிவு செய்யப்போகிறேன். என் குரலை அறிந்தவர்கள் இப்போதே தடுக்கலாம். மற்றவர்கள் மைக் இரவல் தரலாம்.