நிறுத்துக் கொடுக்கும் சாமான்

போத்தலை நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கிச் சேலைத் தலைப்புக்குள் போனது.

"தம்பிஐயா அண்ணை இல்லையோ?"

"உள்ளுக்குப் படுத்திருக்கிறார் அக்கா. தேங்காயெண்ணெயோ? தாங்கோ, நான் வாத்துத் தாறன்." றோஸ் அதற்குள் புனலை எடுத்துத் துடைத்தும் விட்டாள்.

"அவசரமில்லை. அண்ணை எழும்பட்டும், பிறகு வாறன். இப்ப உடுப்புக்கு ஒரு சவுக்காரம் தாரும்."

இராசேஸ்வரி சவுக்காரத்தை வாங்கிக்கொண்டாள். காசை மேசையில் வைத்தாள். றோஸின் புருஷன் குருசுமுத்துவின் கால் எப்படி இருக்கிறதென்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். தன் வீட்டுப் படலைக்குப் பக்கத்தில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, வந்து பிடுங்கிக்கொண்டு போகலாம் என்றாள். பிறகு வெறும் போத்தலோடு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.

றோஸ் புனலைத் திரும்பவும் ஆணியில் கொழுவினாள்.

வேலணையில் பெரிய றோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்த ஒரே கடை அது. மேற்புறம் நிலமுள்ள தோட்டக்காரர் வளவுகள், கீழ்ப்புறம் மீன்பிடிக்கிற சனத்தின் வீடுகள். வசதியுள்ளவர்கள் மாதத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ப் பெரிய கடைகளில் அள்ளிக்கொண்டு வருவார்கள். இடையில் முடிந்துபோகும் சீனிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் தம்பிஐயா கடை. நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுப்பார். மனைவி செத்த பிறகும் அவர் கடையை ஒரு நாள் விடாமல் திறந்தார்.

மாரி தொடங்கிய கிழமை அவர் விழுந்தார். சைக்கிளில் சீனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர் மதகடியில் சறுக்கிவிட்டார். மூட்டை தப்பியது, வலது மணிக்கட்டு முறிந்தது. விரல் நுனி மட்டும் தெரிய முழங்கை வரைக்கும் பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் முறைவைத்து வந்து அந்தக் கட்டைப் பார்த்தார்கள். இராசேஸ்வரி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள்.

கொக்குவிலில் இருந்த மகள் கஜானி, கடையைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். தம்பிஐயா றோஸைக் கூப்பிட்டார்.

"கட்டு வெட்டுமட்டும் நீ முன்னுக்கு நில் பிள்ளை. கடை ஓடினால் உன்னட்டையே விட்டிட்டுப் போறன். வாடகை கிடைக்கேக்கை தா. ஓடாட்டில் பூட்டுறதுதான்."

றோஸுக்கு அந்தக் கடை புதிதல்ல. பிறந்தது ஊர்காவற்றுறைக் கரையில், மீன்பிடிக்கிற சனத்துக்குள். கலியாணம் முடித்து இங்கே வந்த காலத்தில் பேசினில் மீன் சுமந்து இந்த ஒழுங்கைக்குள்தான் விற்றாள். புருஷன் குருசுமுத்து கடலட்டை பிடிக்கக் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் சுழியோடினவன். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே விறைத்துப்போனது. பிறகு ஒரு காலுக்கு உணர்வு திரும்பியது, மற்றதற்குத் திரும்பவில்லை. அவனை வீட்டில் விட்டுவிட்டு மீன் சுமந்து திரிய ஏலாமல் போக, அவள் தம்பிஐயா கடையின் பின்னறைக்கு வந்தாள். மிளகாயில் காம்பு ஒடிப்பாள், பருப்பில் கல் பொறுக்குவாள், சீனி மூட்டையைப் பிரித்துச் சாக்கின் வாயை மடித்து வைப்பாள். அவள் கை படாத சாமான் அந்தக் கடையில் இல்லை. முன்னுக்கு நின்று நிறுத்துக் கொடுத்த கை தம்பிஐயாவுடையது. அவ்வளவுதான். பின்னறையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

முன்னுக்கு நிற்கத் தொடங்கிய அன்று அவள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள்.

சனம் வராமல் விடவில்லை. வந்தது, கதைத்தது, சிரித்தது. நெருப்புப்பெட்டி வாங்கியது, பிஸ்கட் வாங்கியது, மாப் பைக்கற் வாங்கியது. கரையிலிருந்து வந்தவர்கள் அரிசியும் அளந்து வாங்கினார்கள். ஆனால் காற்றுக் காலம். வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடந்தன. அவர்கள் வாங்குவது பால்பேணியால் ஒரு சுண்டு, அரைச் சுண்டு. அதை நம்பிக் கடை வைக்க ஏலாது.

சில நாள் போனபின்தான் றோஸ் சாக்குகளைப் பார்த்தாள். சீனிச் சாக்கின் வாய் அவள் மடித்துவிட்ட உயரத்திலேயே இருந்தது. பருப்பும் அப்படித்தான். எண்ணெய்த் தகரம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. தட்டுகளில் மட்டும் இடைவெளி விழுந்திருந்தது. கம்பனி ஒட்டி அனுப்பிய சாமான் எல்லாம் போயிருந்தது. கரைச் சனம் வாங்கிய அரிசியைத் தவிர, அவள் அளந்து கொடுக்க வேண்டிய எதுவும் போகவில்லை.

கிளாக்கர் ஆழ்வாப்பிள்ளை பென்சன் எடுத்த நாளிலிருந்து கடை வாசல் வாங்கிலில் குந்தியிருந்துதான் பேப்பர் படிப்பார். அன்றும் படித்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, சீனி முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள். கட்டவோ?"

"எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"இப்பத்தான்." அவர் பேப்பரைத் திருப்பினார். ஒருவரும் ஒன்றும் கேட்காமலே, "இந்தக் காலத்திலை ஆர் பிள்ளை உதுகளெல்லாம் பாக்கினம்? எல்லாம் மாறிப்போச்சு" என்றார்.

"எதை ஐயா?"

"இல்லை, பொதுவாச் சொன்னனான்."

வீட்டில் குருசுமுத்துவுக்கு இதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

"நீ மீன் வித்த காலத்திலை உன்ரை கையாலை வாங்கினவைதானே?"

"வாங்கினவை."

"மீனுக்குச் செதில் இருக்கெல்லே. அதுதான் சீல். உரிச்சுப்போட்டுத் தின்னலாம்."

அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் சிரிக்கவில்லை. "கட்டு எப்ப வெட்டுகினம்?" என்று கேட்டான். "வாற கிழமை" என்றாள். அவன் தன் விறைத்த காலைக் கையால் தூக்கி மற்றப் பக்கம் வைத்தான்.

தம்பிஐயாவுக்குத் தெரியாமல் இல்லை. உள் அறையில் படுத்திருந்தவருக்கு முன்னால் நடக்கும் பேச்சு முழுக்கக் கேட்கும். "அண்ணை இல்லையோ" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் அவர் கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் றோஸுக்குக் கேட்டது. ஒரு தரம்கூட அவர் எழுந்து வரவில்லை. வந்தால் கட்டுப்போட்ட கையோடு நின்று என்ன சொல்வது? வாங்கச் சொல்லி மன்றாடவும் ஏலாது, ஏன் வாங்கவில்லை என்று கேட்கவும் ஏலாது. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்.

"நான் ஒரு வழி யோசிச்சனான். பை ஒட்டுற மெஷின் ஒண்டு கஜானி வாங்கித் தந்தவள், அலுமாரிக்கு மேலை கிடக்குது. சீனி, பருப்பு, மிளகாய்த்தூள், எல்லாத்தையும் சின்னச் சின்னப் பையிலை போட்டு ஒட்டி அடுக்கிப்போடு. கம்பனிச் சாமான் மாதிரி இருக்கும்."

"ஆரும் கேட்டால் ஐயா?"

"என்ன கேக்கிறது?"

"ஆர் கட்டினதெண்டு."

தம்பிஐயா கூரையைப் பார்த்தார். "நான் கட்டினதெண்டு சொல்லு."

றோஸ் அவர் கையைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. வெள்ளைக் கட்டு நெஞ்சின் மேல் கிடந்தது. விரல்கள் வீங்கிப் பளபளத்தன.

அவள் மெஷினை இறக்கித் தூசி தட்டினாள். பின்னேரம் முழுக்கப் பின்னறையில் இருந்து கட்டினாள். பிளாஸ்ரிக் உருகி ஒட்டும் மணம் அறையெங்கும் நின்றது. அடுக்கி முடித்துவிட்டு ஒழுங்கையில் இறங்கி நின்று பார்த்தாள். கடை நகரத்துக் கடை மாதிரித்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தாய் சீனிப் பை ஒன்று எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொருத்தர் பருப்பு எடுத்தார். ஒட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். றோஸ் உள்ளே எட்டிப் பார்த்து, "போகுது ஐயா" என்றாள். "நான் சொன்னனான்தானே" என்றார் அவர்.

வெயில் ஏறிய பிறகு இராசேஸ்வரி வந்தாள். ஆழ்வாப்பிள்ளை வாங்கிலில் இருந்தார். அவள் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளுக்கும் எத்தனையோ நாளாகச் சீனி இல்லாமல் கஷ்டம். யாழ்ப்பாணம் போய்வர அவள் புருஷன் ஜெயரூபனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று பைகளை எடுத்துக் கூடைக்குள் போட்டாள். போட்டுவிட்டுத்தான் கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதாகவும் தெரியவில்லை.

"இது ஆர் கட்டினது?"

"ஐயாதான் கட்டினவர் அக்கா."

ஆழ்வாப்பிள்ளை பேப்பரை மடித்தார். பகிடி வாய்க்கு வந்தால் அடக்கத் தெரியாத மனிதர்.

"இடக்கையாலயோ பிள்ளை?"

அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இராசேஸ்வரி கூடைக்குள் பார்த்தாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அவளுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான் ஒண்டும் நினைச்சுக் கேக்கேல்லை றோஸ். எனக்கு இதிலை ஒண்டுமில்லை. வீட்டிலை மாமி இருக்கிறா. விரதக்காரி."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"அப்ப என்னத்துக்குப் பொய் சொன்னனீர்?"

றோஸ் பைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். உள் அறைக் கதவில் தம்பிஐயா வந்து நின்றார். கழுத்தில் தூளி கட்டி, அதில் கையைப் போட்டிருந்தார். றோஸ் அவரைப் பார்த்தாள். இராசேஸ்வரியும் பார்த்தாள்.

"விடு பிள்ளை," என்றார் அவர் இராசேஸ்வரியிடம். "பாவம், பிழைப்புக்காகச் சொல்லிப்போட்டாள்."

இராசேஸ்வரி பெருமூச்சு விட்டாள். அதில் பெரிய ஆறுதல் இருந்தது. "பசிக்குப் பொய் சொல்லுறது வேறை அண்ணை. கடையிலை நிண்டு சொல்லலாமோ? நாளைக்கு நிறுவையிலும் பொய் சொல்லமாட்டா எண்டு என்ன நிச்சயம்?"

"அதுவும் சரிதான்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவருக்கும் ஆறுதல்தான்.

பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை போய்விட்டது. இத்தனை நாள் வாயில் எடுக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு தவித்த சனத்துக்கு, வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒன்று கிடைத்திருந்தது. மற்றதொன்றும் இல்லை, றோஸ் நல்ல பிள்ளைதான், ஆனால் பொய் சொல்லுகிறாள். காலையில் சீனி வாங்கிய தாய் பையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கரைச் சனத்தில் ஒரு கிழவர் மட்டும் புகையிலை வாங்க வந்தார்.

விளக்கு வைக்கிற நேரம் தம்பிஐயா முன்னுக்கு வந்து வாங்கிலில் இருந்தார். றோஸ் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார். "நான்தான் சொல்லித் தந்தனான் எண்டால், என்னையும் காறித் துப்புவினம். இந்த ஊரிலை மரியாதையா இருந்தவன் நான்."

அவள் தும்புத்தடியை நிறுத்தவில்லை.

"நீ என்னைக் கோவிக்கிறாய்."

"இல்லை ஐயா."

"கோவிச்சாலும் பரவாயில்லை. ஏதாவது பேசு."

அவள் குப்பையை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தாள். பேச என்ன இருக்கிறதென்று யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்லித் தந்ததை இராசேஸ்வரியிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அது இரண்டாவது பொய் என்பார்கள். சொல்லாமல் விட்டால் முதலாவது பொய் அவளுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாக்குகள் அதே உயரத்தில்தான் நிற்கும்.

"கட்டு வெட்ட இன்னும் நாள் கிடக்குது ஐயா," என்றாள் கடைசியில்.

"அதுமட்டும் என்னத்துக்குப் பொறுக்கிறது?" என்றார் தம்பிஐயா. இடது கையால் போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினார். பழக்கமில்லாத கை. அகப்படவில்லை. றோஸ் போனை வாங்கித் தேடி, அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை கஜானியின் புருஷன் சின்ன லொறி ஒன்றோடு வந்தார். றோஸ் சாக்குகளின் வாயைக் கட்டிக் கொடுத்தாள். தட்டுகளைக் கழற்ற நேரமில்லையென்று விட்டுவிட்டார்கள். கடைக் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் தம்பிஐயா முன் ஆசனத்தில் ஏறினார். யன்னலூடாக, ஏதேனும் தேவையென்றால் போன் பண்ணச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளை வந்து பேப்பர் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார்கள். இராசேஸ்வரி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்பினாள். றோஸ் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கம்பனிக்கு நடந்து போய் வேலை கேட்டாள். இப்போது நண்டு வரத்துக் குறைவு, தை மாதம் வந்து பார்க்கச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து சோறு காய்ச்சினாள்.