கைதட்டாத ஊர்

நாடகம் முடிந்து படுதா இறங்கியதும் மருதையன் கைதட்டலுக்குக் காத்திருப்பதில்லை. மேடைக்குப் பின்னால் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்று, தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறான்.

கேட்கும். முதலில் ஒரு முழுக்கு. பிறகு நாலு, பத்து. நாடகம் பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இறங்கித் தலை நனைத்து, ஈரச்சேலையும் ஈரவேட்டியுமாக வரப்பில் வரிசையாகப் போவார்கள். சாவுக்குப் போனவர்கள் முழுகாமல் வாசற்படி மிதிப்பதில்லை அல்லவா, அப்படி.

மருதையனுக்கு இருபத்தாறு வயது. வலங்கைமானுக்குக் கிழக்கே ஒரு கிராமம்; அங்கே வைரக்கண்ணுவின் கடைசி மகள் ராமாயி பெற்ற பிள்ளை. மன்னார்குடியில் பி.ஏ. படித்தவன். சட்டைப்பையில் எப்போதும் பச்சரிசி கிடக்கும்; யோசனை வந்தால் அதைத்தான் மெல்லுவான். எழுதிய வசனத்தை நடவு வயலின் வரப்பில் நின்று உரக்கச் சொல்லிப் பார்ப்பான். நடுகிற பெண்களின் கை ஒரு கணம் நின்றால் வசனம் தங்கும்; நிற்காவிட்டால் அங்கேயே கோடு போட்டு அடித்துவிடுவான். "என்ன மருதையா, இன்னைக்கு ஒரு கையைக்கூட நிறுத்த முடியலியா?" என்று அவர்கள் கேலி பேசுவார்கள்.

இது அவனுடைய மூன்றாவது நாடகம். கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்ட அறுவடையில், ஒன்பது வருஷத்துக்கு முன் காணாமல் போன காத்தானின் கதை. காத்தான், ராமாயிக்கு அண்ணன், இவனுக்குத் தாய்மாமன். உடம்பு கிடைக்கவில்லை, காரியமும் நடக்கவில்லை. நாடகத்தில் அவரைக் களத்துமேட்டில் வெட்டிப் போடுகிறார்கள்.

கருத்துச் சொல்லாதவர் கிடையாது. சென்னையிலிருந்து வந்த பத்திரிகைக்காரர், கைதட்டக்கூட ஆளில்லாத தோல்வி என்று எழுதினார். மருதையன் அதை நடிகர்களுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டிச் சிரித்தான். மிராசுதார் பஞ்சநதம், "காத்தான் பினாங்குக்குக் கப்பலேறிட்டான். உசிரோட இருக்கறவனைச் சாவடிக்கிறானே இவன்!" என்றார். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் சிங்காரவேலு தோளில் கைபோட்டு, "கடைசியில போலீசு வந்து மிராசைப் புடிக்கிற மாதிரி வச்சிடுப்பா. நம்ம ஆட்சியில்ல?" என்றார்.

"நெசத்துல வரலியேண்ணே."

முடிவை அவன் மாற்றவில்லை. காத்தானாக நடிக்கும் பக்கிரிதான் பாவம். அவன் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். டீக்கடைப் பலகையில் அவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

நாடகத்துக்கு வராதவள் காத்தானின் பெண்டாட்டி அம்சம் ஒருத்திதான். இன்னும் தாலியைக் கழற்றாதவள். ஊர் முதன்முதலாக முழுகியதற்கு மறுநாள் காலை, மருதையனைத் தேடி வந்தாள்.

"என்னடா மருமவனே, ஊரே உங்க மாமனுக்கு முழுவியிருக்கு. அவரு செத்தத நீ பாத்தியா?"

"இல்லத்த. கதைக்காக வச்சேன்."

"கதைக்கா அம்மாம் பேரும் முழுவுனாங்க, மார்கழித் தண்ணியில?"

அவன் வாயிலிருந்த அரிசியைத் துப்பினான்.

"விடியக்காலம் கோயில்ல எவளும் எனக்குக் குங்குமம் நீட்டல. நான் தாலிய அறுக்கவா, வேணாமா? நீயே சொல்லு."

அதன் பிறகு ஐந்து ஊரில் நாடகம் போட்டாயிற்று. ஐந்திலும் தண்ணீர் சத்தம்.

போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற வேளையில், மறுபடி சொந்த ஊர்க் களத்தில் ஆட்டம். அம்சம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கிரி வெட்டுப்பட்டு விழுந்தான். கூட்டம் வாய்க்காலுக்குப் போக எழுந்தது. அம்சம் மட்டும் மேடையேறி, அவன் தலைமாட்டில் குனிந்தாள்.

"எந்திரிங்க. சோறு ஆறுது."

பக்கிரி எழுந்துகொண்டான். எப்படி எழுந்தோம் என்று அவனுக்கே தெரியாதாம். அவள் முன்னே நடந்தாள், அவன் பின்னே போனான். கூட்டம் இருபுறமும் ஒதுங்கி நின்றது. ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை.

படுதா இழுப்பவன், இறக்கவா என்று மருதையனின் முகத்தைப் பார்த்தான். மருதையன் அவன் பக்கம் திரும்பவில்லை. ஓடிப்போய், களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை, மாமன் குனியாமல் போகும்படி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.