ஏழு நிமிடம் வேகமாக ஓடிய ஆஸ்பத்திரி

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'செகண்டு' என்று பெயர். கடிகாரம் பழுது பார்க்கிறவர். அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கு இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

முப்பத்தொரு வருடக் குடித்தனம். பஸ் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் நிறுத்தத்துக்குப் போவார். அதற்கு முன்னால் போவது அவருக்கு வெட்டி வேலை. ஆனாலும் ஒரு பஸ்ஸைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்து பழகிவிட்டேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு கப்பல் கேப்டனின் மகன் தங்கப் பாக்கெட் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். நூறு வயதைத் தாண்டியது, உலகத்திலேயே இன்னும் நாற்பதோ ஐம்பதோதான் மிச்சமாம். ஒரு செகண்டுகூடப் பிசகாது என்று பேர் வாங்கியது, நாளுக்குப் பதினைந்து செகண்டு பின்தங்கத் தொடங்கியிருந்தது. இவர் அதைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, மூன்று வாரம் அதுவே கதியென்று கிடந்தார். என்னோடு பேச நேரமில்லை, அதோடு பேசினார். பிறகு சோதனை. மேசைமேல் ஒழுங்காக ஓடுவது ஆள் நடக்கும்போது பிசகலாமாம். அதனால் கடைசி ஐந்து நாள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார். தினமும் சரியாக மாலை ஐந்தரைக்குக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஓர் அட்டையில் எழுதுவார். கடிகாரத்தோடு அந்த அட்டையும் சொந்தக்காரருக்குப் போகும்.

அதில் மூன்றாம் நாள், என் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். மறுநாள் விடிந்ததும் இதயத்தில் ஆபரேஷன். ஐந்தரைக்குள் நுழைந்துவிட்டால் ஏழு மணிவரை அவனோடு இருக்கலாம். பிந்தினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன், கொண்டு வா அக்கா என்று போன் செய்தான். குரலே சரியில்லை, பயந்திருந்தான். நான் நாலரைக்கே கிளம்பி நின்றேன். இவரோ ஐந்து ஒன்றுக்குப் புறப்பட்டால் ஐந்து இருபத்தேழுக்கு வாசலில் நிற்போம் என்று கணக்குச் சொன்னார்.

"கொஞ்சம் முன்னாடி போனா என்னங்க, குறைஞ்சா போயிடும்?"

"நான் சொன்னா சொன்ன நேரத்துக்கு நிப்போம். பேசாம உட்காரு."

சொன்ன நேரத்துக்கே நின்றோம். ஐந்து இருபத்தேழு. கதவு பூட்டியிருந்தது. உள்ளே சுவர்க் கடிகாரம் ஐந்து முப்பத்துநாலு காட்டியது. ஏழு நிமிடம் வேகம்! ஆஸ்பத்திரி முழுக்க அதைப் பார்த்துத்தான் நடக்கிறது.

காவலாளி ஈரமில்லாத ஆள் இல்லை. நாலு வார்த்தை கெஞ்சியிருந்தால் திறந்திருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தங்கக் கடிகாரத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி, உங்கள் கடிகாரம் தப்பு, இதுதான் சரியான நேரம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். அந்த ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை மட்டும் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, நாளைக்கு வாங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திறக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் மேசையிலேயே தம்பி போய்விட்டான்.

பத்து நாள் கழித்து, கேப்டன் மகன் வருகிறார் என்று கடிகாரத்தைத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் அட்டை. எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், ஐந்து முப்பது, வித்தியாசம் இல்லை. நான் கம்பியைப் பிடித்து அழுத அதே நிமிடம்.

"அங்க நின்னுகிட்டா இதை எழுதினீங்க?"

தலையைத் தூக்கவில்லை. "கை தானா எழுதிடுச்சு," என்றார்.

கேப்டன் மகன் வந்து அவரைப் புகழ்ந்து தள்ளிவிட்டுப் போனார். அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.

இப்போது எங்கே போவதென்றாலும் இந்த மனிதர் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுகிறார். பாங்க் திறக்குமுன் படியில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் பாவம் என்கிறார்கள். எனக்கு வயிறுதான் எரிகிறது.

நேற்று தம்பி மனைவியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, நேரமாச்சு, கிளம்பலாமா என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவன்தான் இல்லையே," என்றேன். "இனிமே மெதுவாவே போகலாம்."