ஒற்றைக்கண்ணரும் ஒரு கைத்தடியும்

அலுவலக உணவறை மேசையில் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காபிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து விளக்கை அண்ணாந்து பார்க்கிறார். "இங்கேருந்து விளக்கு பாதிதான் தெரியுது. அதான் நிழல் இங்க மங்கல்." அங்கேயே பக்கத்து அறையில் வேலை செய்யும் அவர் மனைவி கடந்து போனால் அதட்டல் விழும்: "நிமிர்ந்து உட்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

எங்கள் அனிமேஷன் கூடத்தில் அவருக்கு ஒற்றைக்கண்ணர் என்று பெயர். ஒலி சேர்க்கும் எனக்கு நிழல் என்றால் தானாக விழுவது. படங்களுக்கு நிழல் போடும் அவருக்கோ, கணினியில் எதுவும் தானாக விழாதாம். தரையின் ஒவ்வொரு புள்ளியிடமும், விளக்கு தெரிகிறதா, எவ்வளவு தெரிகிறது என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டால் படம் முடிவதற்குள் நமக்கு நரைத்துவிடும். குறைவாகக் கேட்டு, நிஜம்போலக் காட்டுவதுதான் இவர் பிழைப்பு.

"அக்கம்பக்கத்துப் புள்ளி ரெண்டும் ஒரே பதில் சொன்னா, நடுவுல இருக்கறவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது சார்."

இந்த நல்ல மனசுதான் போன வாரம் காலை வாரிவிட்டது. மெலிந்த கைத்தடி ஒன்றின் நிழல், கேட்ட இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிக் காணாமல் போனது. நிழலில்லாமல் தடி அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நிழல் வராவிட்டால் தடியையே தூக்கிவிடச் சொன்னார் இயக்குநர். அந்தத் தடியைக் கணினியில் உருவாக்கியவர் இவர் மனைவி. பிடி தேய்ந்திருப்பதுகூடத் தெரியும்படி மாய்ந்து மாய்ந்து செய்திருந்தார்.

"ஏங்க, நாற்காலிக்கெல்லாம் நிழல் விழுது. என் தடி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

கணவர் உணவறை நாற்காலிமேல் ஏறினார். தொங்கும் விளக்கை ஒட்டித் தலையை வைத்து, மேசையில் கிடந்த பென்சிலைப் பார்த்தார், ஒரு கண்ணால்தான்.

"அட! தரைகிட்டயே கேட்டுட்டிருந்தேனே! விளக்கு பக்கத்துலேருந்து பாத்தா, எந்த விளிம்பு மறைக்குதுன்னு தெரிஞ்சிடுதே. அதோட நிழல் விழற இடத்துல மட்டும் நெருக்கமாக் கேட்டா போதும்!"

இறங்கி ஓடினார். மாலையில் இயக்குநர் வந்தபோது, திரையில் தடியின் நிழல் அதன் காலடியில் கூர்மையாகத் தொடங்கி, போகப்போக மங்கிச் சுவரில் ஏறியிருந்தது. "தடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஏனோ அப்படி ஒரு சந்தோஷம்.

மனைவி நன்றியெல்லாம் சொல்லவில்லை. உணவறைக்கு வந்தார். கணவருடைய கோப்பையில் அந்தப் பென்சிலை நிமிர்த்தி வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் மேசையில் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.