சும்மா விட்ட இடத்தில் ஒரு புள்ளி

எழுபதுகளின் தொடக்கத்தில், தங்கவயலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நானும் என் தோழியும் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர்களாக இருந்தோம். முட்டை மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து மாணவிகளுக்குக் காட்ட வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கண்ணாடித் தட்டுகூட எங்களிடம் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய், உள்ளங்கை அகலத்தில் ஆறு கண்ணாடி கேட்டோம்.

"இன்னா சாமி படம்மா, இத்தினி சின்னதா?" என்றார் கடைக்காரர்.

"சாமி இல்லீங்க, முட்டை," என்றாள் தோழி. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை அறுக்க ஆரம்பித்தார்.

சிலிக்கா ஜெல் என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி உலர்த்தினோம். அடியில் பென்சில் கோடு. மையில் போட்டால் மையும் கூடவே ஏறிவிடும். கோட்டின் மேல் மஞ்சள் கருச் சாற்றை ஒரு பொட்டு வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து இடத்தைச் சும்மா விட்டேன். கொழுப்பைக் கரைக்கும் ஈத்தர் கலவை ஊற்றிய ஜாடியில் தட்டை நிறுத்தினால், கலவை மேலே ஏறும்போது ஒவ்வொரு கொழுப்பும் ஒவ்வொரு உயரத்தில் பின்தங்கிவிடும். பிறகு அயோடின் ஆவி பட்டால் அந்த இடங்கள் பழுப்பு மஞ்சளாகத் தெரியும்.

தெரிந்தன. சும்மா விட்ட இடத்திலும் ஒன்று தெரிந்தது.

"ஒண்ணும் வெக்கலியே! இது எங்கேர்ந்து வந்துச்சி?" என்றேன்.

மூன்று நாள் ஈத்தரை மாற்றினோம், சிலிக்காவை மாற்றினோம், ஜாடியை மாற்றினோம். புள்ளி மட்டும் மாறவில்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்து வைத்தேன்.

நான்காம் நாள், முன்னால் விழுந்த பின்னலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதே கையால் தட்டின் அடியைப் பிடித்துத் தூக்கினேன்.

"நில்லுடி! தலைக்கு இன்னா எண்ணெ வெச்சிருக்கே?" என்றாள் தோழி.

"தேங்கா எண்ணெதான். ஏன்?"

அவள் என் பின்னல் நுனியை இழுத்து ஈத்தரில் முக்கி, அந்தச் சாற்றைப் புதிய தட்டில் ஒரு பொட்டு வைத்தாள். அது ஏறிப்போய், எங்கள் மர்மப் புள்ளி நின்ற அதே உயரத்தில் நின்றது. தோழி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் சோப்புப் போட்டுக் கை கழுவி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தட்டை ஓரத்தில் மட்டுமே தொட்டேன். சும்மா விட்ட இடம் சும்மாவே இருந்தது. துறைத்தலைவர் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு என் துண்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஜொரமா?"

"இல்ல சார், கொழுப்பு," என்றாள் தோழி.