இருமல் கேட்கும் தூரம்

முன்னறைத் திரைச்சீலைகளை மூன்றாவது தடவையாகத் துவைத்துக்கொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். முதல் இரண்டு தடவையும் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. இப்போது கொஞ்சம் கலங்கல்தான். வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தார். தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் சிகரெட் பிடித்தவரின் மூக்கு அது. சோப்பு வாசனையும் புகை வாடையும் அதற்கு ஒன்றுதான்.

அதனால் சிலிண்டர் போட வந்தவரைக் கூப்பிட்டு ஈரத்துணியை நீட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாருங்க தம்பி. சிகரெட் வாடை வருதா?"

"யாரு சார் வர்றா, வீட்டு ஓனரா?"

"இல்லப்பா, என் சம்சாரம்."

"அப்பக் கஷ்டம்தான்" என்று சிரித்துவிட்டு அவர் முகர்ந்தார். "துணில ஒண்ணுமில்ல சார். சுவர்லதான் இருக்கு."

அன்றைக்கே சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். பாதிச் சுவர் முடிவதற்குள் மூன்று தடவை ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கூப்பிடுகிற இடத்தில் லிஃப்ட் ஓடாது. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொட்டைமாடி மோட்டார் அறைவரை படியேறித்தான் போக வேண்டும். இளம் வயதில் பத்து மாடியை ஒரே மூச்சில் ஏறிவிட்டு, மேலே போனதும் தனக்குத்தானே பரிசாக ஒன்றைப் பற்றவைப்பார். அங்கே ஏன் என்று கேட்க ஆளில்லை. வேலை முடிந்ததும் இன்னொன்று. ஓயாமல் விட்ட புகைக்காகக் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கூட்ஸ் வண்டி'.

கடைசி வருடங்களில் நாலாவது மாடியிலேயே நின்று, அங்கிருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதோ சோதிப்பதுபோல மூச்சு வாங்குவார். ஒருநாள் காய்கறிப் பையோடு படியேறிய டீச்சர் ஒருத்தர் அவரைத் தாண்டிப் போனார். "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டும் போனார். அடுத்த மாதம் கம்பெனி அவரை ஸ்டோரில் உட்காரவைத்தது. குழாயில் ஊதச் சொன்ன டாக்டர், நுரையீரலில் பாதி போயாச்சு, அது திரும்பாது, சிகரெட்டை விட்டால் மிச்சம் தங்கும் என்றார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் பிடித்தார்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போன மனைவி, பதினோரு மாதமாக மகள் வீட்டிலேயே இருக்கிறாள். "புகைய விடுங்க, வர்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

விட்டார். முதல் வாரம் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. சின்ன ஸ்க்ரூடிரைவரை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். பத்தொன்பதாம் நாள் ஒன்றைப் பற்றவைத்து, பாதியில் மிதித்து அணைத்தார். மறுநாளிலிருந்து திரும்ப ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். திரைச்சீலை துவைத்த அன்று முப்பத்தெட்டு. இதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.

விட்ட பிறகு இருமல் கூடிவிட்டது. உள்ளே அடைந்து கிடந்தது வெளியே வருகிறது, சில மாதம் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். மனைவி ஃபோன் செய்யும்போதெல்லாம் இரண்டாவது வார்த்தையிலேயே இருமல் குறுக்கே விழும். அது அடங்கும்வரை அவள் காத்திருப்பாள். பிறகு, "சரி, வெச்சுடறேன்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை நிமிர்த்தி ஒருமுறை இழுத்தாள்.

"பரவால்லயே. யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு."

"திரையெல்லாம் மூணு தரம் துவைச்சேன்."

"துவைக்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு?"

டீ போட்டுக் கொடுத்தார். பேத்தி நிற்கப் பழகுவதையும், நின்றதும் தானே கைதட்டிக்கொண்டு விழுவதையும் அவள் சொன்னாள். அவர் சிரித்தார். சிரிப்பு அப்படியே இருமலாயிற்று. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, ஒரு நிமிடத்துக்கு மேல் இருமினார். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதுதான் விட்டவர் இருமுற லட்சணமா?"

"விட்டாத்தான் இப்படி வருமாம். டாக்டர் சொன்னார்."

"நல்ல டாக்டர். பிடிச்சா வராதுன்னும் சொன்னாரா?"

"சத்தியமாடி. நாப்பத்தியொரு நாளாச்சு. அதுக்கு முந்தின நாள் ஒண்ணு, அதுவும் பாதி. அதுக்கு முன்னாடியே ரெண்டு வாரத்துக்கு மேல விட்டிருந்தேன்."

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாதிய நீங்களா சொல்றீங்க பாருங்க, அதனால நம்பறேன்" என்றாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப எப்ப வர்றே?"

"அங்க ராத்திரி முழுசாத் தூங்கறேங்க." அவள் குரல் இறங்கியது. "இருபது வருஷமா உங்க இருமலுக்கு நடுவுல கிடைச்ச இடத்துலதான் தூங்கியிருக்கேன். அங்க போனப்புறம்தான் அது எனக்கே தெரிஞ்சுது. குழந்தைகூட ஒருதரம் அழுதுட்டுத் தூங்கிடறா."

"குறைஞ்சுடும். சில மாசந்தான்."

"ம்."

தொண்டைவரை வந்த இருமலை அவர் விழுங்கினார்.

"நான் இங்க படுத்துக்கறேன். நீ உள் ரூம்ல கதவச் சாத்திக்க. வர்றியா?"

அவள் இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.