பறக்காது என்று யாரும் சொல்லவில்லை

எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் சூப்பர்வைசரின் மேசைத் தொலைபேசிக்கு அழைப்பு வரும். யாராவது இறந்துவிட்டால், சம்பந்தப்பட்ட ஆளிடம் அதை அப்படியே சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. 'சீரியஸ், உடனே கிளம்பு' என்போம். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் ஆள் தெம்பாக இருக்கட்டும் என்பதற்காக. ஒரகடத்தில் வேலை செய்யும் தெற்கத்திப் பையன்களுக்கு ஊர் ஓர் இரவுப் பயணம். அதனால் இந்த வழக்கம் இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தன் வீட்டுச் செய்தி என்று வரும்போது எவனுக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட். எங்கள் லைனில் வெல்டராக இருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பிக்கு அவனுடைய அக்கா புருஷனிடமிருந்து அழைப்பு வந்தது. விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். ஒரே மகன். அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மறுநாள் சனிக்கிழமை, அன்றைக்கு எடுக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எப்படியாவது இன்றே அனுப்பிவையுங்கள், ஆனால் அவனிடம் சீரியஸ் என்று மட்டும் சொல்லுங்கள் என்று மச்சான் கேட்டுக்கொண்டாராம். சூப்பர்வைசர் என்னைத் தனியே அழைத்து இதைச் சொன்னார். பிறகு அவனிடம் போய் வழக்கப்படி சொன்னார்.

"சீரியஸ்னா எப்படி சார்? பேச்சு இருக்காமா?" என்று கேட்டான்.

"இருக்குதாம்பா. நீ கெளம்பு."

பேருந்தில் போனால் போய்ச் சேர இரவாகிவிடும். லைனில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அலுவலகத்தில் இருந்த இளம் இன்ஜினியர் ஒருவர் நண்பகல் விமானத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அவன் விமானம் ஏறியதே இல்லை. எங்கள் கூரைக்கு மேலே நாள் முழுவதும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்; அதில் ஒன்றில் நம் ஆள் போகிறான் என்று சிலருக்கு அந்தத் துக்கத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது. துணைக்கு என்னை அனுப்பினார்கள். படப்பை, தாம்பரம் வழியாக விமான நிலையம் போனோம். பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்ததும் அவன் வீட்டுக்குப் பேசினான்; மச்சானும் சீரியஸ் என்றே சொல்லிவைத்தார். வழியெல்லாம் அவன் அம்மாவின் மருந்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

விமானிகள் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதை வேலைநிறுத்தம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஓய்வில்லாமல் ஓட்டச் சொல்கிறார்கள், புதிய அட்டவணை உடம்பைக் கொல்கிறது என்பது அவர்கள் தரப்பு. ரத்து என்று விமானக் கம்பெனியும் சொல்லவில்லை. தாமதம் என்றார்கள். டிக்கெட் இல்லாத என்னை உள்ளே விடவில்லை. வெளியே தடுப்புக் கம்பியருகே நின்றேன். அவன் உள்ளேயிருந்து போன் செய்துகொண்டே இருந்தான்.

"அண்ணாச்சி, கெளம்பிரும்னு சொல்லுதாவ. கொஞ்ச நேரமாம்."

அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. நான் அவன் மச்சானுக்குத் தனியாகப் போன் செய்தேன். "பொழுது சாஞ்சாலும் கொஞ்சம் பொறுத்துக்கிடுவாவ, வந்துட்டு இருக்கான்னு தெரிஞ்சா போதும்" என்றார். அப்போதே ஒரு கார் பிடித்திருந்தால் இருட்டிய பிறகாவது போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் எந்த நேரமும் கிளம்பக்கூடிய விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

பிற்பகலில் அவன் வெளியே வந்தான். பயணிகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். மைக் பிடித்திருந்த பெண் இவன் முகத்தைப் பார்த்ததும் நேராக வந்தாள். நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அவன் பேசியதை வார்த்தை மாறாமல் அன்றே எழுதிவைத்தேன்.

"பைலட்டுமாருக்கும் தூக்கம் வேணும்லா. நாங்களும் கம்பெனி வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தவங்கதான். அவிய மேல எனக்குக் கோவம் இல்ல. பறக்காதுன்னா பறக்காதுன்னு சொல்லிருங்க, அதத்தான் கேக்கேன். எங்கம்மா காத்துக்கிட்டு கெடப்பா."

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் உடைந்தது. அந்தப் பெண் அவன் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதல் சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு, ரத்து என்று அறிவித்தார்கள். அவன் மச்சானுக்குப் போன் செய்தான். மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: மழை பிடித்துக்கொண்டது, இனிமேல் முடியாது என்று ஊரார் எடுத்துவிட்டார்கள். அக்கா மகன் கொள்ளி வைத்தான். அம்மா இறந்ததையும் எரிந்ததையும் அவன் ஒரே அழைப்பில் தெரிந்துகொண்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தான். பெருங்களத்தூரில் பேருந்து ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்தவன் வெளியே திரும்பவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் திரை முழுக்க இருந்தது. "எங்கம்மா காத்துக்கிட்டு கெடப்பா." அவ்வளவுதான். அதற்கு முன் சொன்ன எதுவும் இல்லை. கீழே, பயணிகளைப் பணயம் வைக்கும் விமானிகள் என்று எழுத்து ஓடியது.

"நல்லா இருப்பானுங்களா இவனுங்க?" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்தம்மா எப்படி கீதாம்?"

"காலையிலயே பூட்டாங்க" என்றேன்.

எங்கள் ஆட்கள் கட்டாய ஓ.டி.யை எதிர்த்துக் கம்பெனி வாசலில் உட்கார்ந்த நாட்களில் இதே சேனல் எங்களையும் காட்டியது. பந்தலைக் காட்டவில்லை. சாலையில் நின்றுபோன பேருந்தையும், அதற்குள் சீருடையில் அழுத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணையும் காட்டியது. அந்தப் பெண் அழுதது பொய்யில்லை. எங்கள் கோரிக்கை என்னவென்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. குன்றத்தூரில் என் மச்சினரே, "ஊரைக் கெடுக்கறீங்களேப்பா" என்றார்.

காரியம் முடிந்து அவன் மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பினான். மதிய உணவு வேளையில் சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் அவன் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பைலட் விவகாரம் அப்போதும் ஓய்ந்திருக்கவில்லை. கேன்டீன் டிவியில் அவன் முகம் மறுபடியும் வந்தது.

"லட்ச லட்சமா சம்பளம் வாங்கிகினு இவனுங்களுக்கு இன்னாடா ஸ்ட்ரைக்கு?" என்றார் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர். எங்கள் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் அவர்.

"உன்னையும் அப்படித்தான் கேட்டானுங்க. ஏசி பஸ்ல போற, மூணு வேள துன்ற, உனக்கு இன்னா கொறன்னு" என்றான் இன்னொருவன்.

"அதுவும் இதுவும் ஒண்ணாடா? நாம எவன் தாயையாவது பாக்க வுடாம பண்ணமா?"

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டான். "அண்ணாச்சி, நான் அதுக்கு முன்னால வேற சொன்னேன்லா? நீங்க பக்கத்துலதான நின்னிய?"

"சொன்ன."

"இவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். பிரஸ் ஷாப்காரருக்கு மனம் ஆறவில்லை. "அப்போ அவனுங்க பண்ணது நாயம்றியா? உங்கம்மா மூஞ்சிய பாக்கலியே நீ."

"நாயமா இல்லையான்னு நான் பாக்கல சித்தப்பா. அவிய ஒரு நாளு ஓட்ட மாட்டேன்னாவ, அது அவிய பாடு. காலையிலயே பறக்காதுன்னு கம்பெனிக்காரன் சொல்லிருந்தா காரு புடிச்சிருப்பேன். அம்மா செத்துட்டான்னு இங்க சொல்லிருந்தா, உள்ள உக்காந்து கெடந்திருக்கவே மாட்டேன். நடந்தாவது போயிருப்பேன்." பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். "எங்கிட்ட யாருமே உள்ளதச் சொல்லல."

அவன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் மோர் வாங்கப் போவதுபோல் எழுந்தார். டிவியில் விளம்பரம் ஓடியது. பிரஸ் ஷாப்காரர் அவன் தட்டில் தன் அப்பளத்தை எடுத்து வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறினோம். அவன் வழக்கமாக என் பக்கத்தில்தான் உட்காருவான். ஒரகடத்திலிருந்து நான் இறங்கும் நிறுத்தம் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவான். நான் சன்னலோரம் நகர்ந்து இடம் விட்டேன். "வாரேன் அண்ணாச்சி" என்று மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் பின் இருக்கைக்குப் போனான். இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறான்.